தம்பிக்கு: கூகுளில் நம்ம வடமதுரை

வடமதுரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் மட்டும் கேட்பதில்லை.

உன் இணையதளத்துக்காக நம்ம ஊரைப் பற்றி எழுதி நீ அனுப்பிய கட்டுரையைப் போனில் ஒரு தடவை படித்தேன். பிறகு மாமாவின் லேப்டாப்பில் போட்டு நிதானமாகப் படித்தேன். உன்னிடம் சுற்றி வளைக்கத் தேவையில்லை, நேராகவே சொல்கிறேன். பிழை இல்லாமல் எழுதியிருக்கிறாய். ஆனால் அதை நீ எழுதியது மாதிரி இல்லை. "இன்றைய நவீன உலகில்" என்று ஆரம்பிக்கிறது. பத்திக்குப் பத்தி "வடமதுரை சிறப்புகள்", "வடமதுரை சுற்றுலா", "வடமதுரை முழு விவரம்" என்று ஒரே பேர் திரும்பத் திரும்ப வருகிறது. இப்படித் திணித்தால்தான் கூகுளில் மேலே வரும் என்று திருப்பூரில் ஒருவர் சொன்னாராமே. முதல் இடத்துக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன், அட்வான்ஸ் கொடு என்று கேட்பவரும் அவர்தானா? ஒரு ரூபாய் கொடுக்காதே. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, அப்படிச் சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஒரே சொல்லைத் திணிப்பதும் அவர்களுடைய விதிமுறையில் மோசடிப் பட்டியலில்தான் இருக்கிறது.

கம்பெனிகளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் என் வேலையில் நான் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால் கடிதம்.

முதலில் நம்ம ஊர்ப் பேரையே எடுத்துக்கொள். வடமதுரை என்று ஒருவர் தட்டினால் அவர் எந்த வடமதுரையைக் கேட்கிறார்? திண்டுக்கல் மாவட்டத்தில் நம்ம ஊர் ஒன்று. கோயம்புத்தூரில் துடியலூர் பக்கம் ஒரு வடமதுரை இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியபாளையம் பக்கம் இன்னொன்று. இவை போக, உத்தரப் பிரதேசத்து மதுராவையே வைணவர்கள் வடமதுரை என்றுதான் சொல்வார்கள். 108 திவ்ய தேசங்களில் அது ஒன்று. ஆண்டாள் திருப்பாவையில் பாடியதும் அந்த வடமதுரைதான். மார்கழி மாசம் முழுக்க இந்தச் சொல்லைத் தேடுகிறவர்களில் பாதிப் பேருக்கு நம்ம பேருந்து நிறுத்தம் எதற்கு? நீ தலைப்பில் "வடமதுரை முழுமையான தகவல்கள்" என்று வைத்தால் அந்த நாலு ஊருக்கும் பொதுவாக ஒரு பலகை மாட்டியதாகத்தான் அர்த்தம். தலைப்பிலேயே திண்டுக்கல் என்று வரட்டும். முதல் பத்தியில் வேடசந்தூர் தாலுகா, திண்டுக்கல்–திருச்சி ரோடு, பக்கத்தில் அய்யலூர் என்று வந்துவிட்டால் படிக்கிற மனுஷனுக்கும் குழப்பமில்லை, கூகுளுக்கும் குழப்பமில்லை.

கோயில் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். நம்ம ஊர்ப் பெருமாளும் சௌந்தரராஜர், கரூர் ரோட்டில் தாடிக்கொம்புப் பெருமாளும் சௌந்தரராஜர். இரண்டும் ஒரே மாவட்டம். தாடிக்கொம்பு சிற்பத்துக்குப் பேர்போன கோயில், அதைப் பற்றி எழுதினவர்கள் ஏராளம். நம்ம கோயிலின் ஆடித் தேரைப் பார்க்க வர நினைக்கிற வெளியூர்க்காரர் தாடிக்கொம்பு விவரத்தைப் படித்துவிட்டு அங்கே போய் இறங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிலர் சௌந்தரராஜ என்று எழுதுவார்கள், பேப்பரில் சவுந்தரராஜ என்று வரும். இரண்டும் உன் கட்டுரையில் எங்காவது இயல்பாக வந்துவிடட்டும். அய்யலூர், ஐயலூர் கதையும் இதேதான்.

கூகுள் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்கு மேல் உனக்குத் தேவையில்லை. அதனுடைய புரோகிராம் ஒன்று ஒரு பக்கத்தில் இருக்கும் லிங்க்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். படித்ததை அட்டவணையில் சேர்த்துக்கொள்ளும். யாராவது கேட்டால் அந்த அட்டவணையில் இருந்து எடுத்து வரிசைப்படுத்திக் கொடுக்கும். இந்த வரிசைதான் எல்லாச் சண்டைக்கும் காரணம். 1998-இல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் செய்த புதுமை இதில்தான். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதோடு நிற்காமல், மற்ற பக்கங்கள் அதைக் கை காட்டுகின்றனவா, கை காட்டுகிறவர்களுக்கு என்ன மதிப்பு என்று பார்த்தார்கள். நம் பக்கம் பெண் கொடுக்கும் முன்னால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஊரில் நாலு பெரிய மனுஷரிடம் விசாரிக்கிறோமே, அதேதான்.

விசாரணை என்று வந்தால் பொய் சாட்சியும் வரும் அல்லவா? லிங்க் விற்கிற வியாபாரம் வந்தது. பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நூறு சொற்களை ஒளித்து வைக்கிற வித்தை வந்தது. பக்கத்தின் நிரலுக்குள் எழுதி வைக்கும் 'சாவிச்சொல்' (meta keywords) குறிப்பை நாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதை நிரப்பிக் கொடுக்கக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. 2011-இல் பாண்டா என்று ஒரு மாற்றம் கொண்டுவந்து, சாரமில்லாத பக்கங்களைக் கீழே தள்ளினார்கள். அடுத்த வருஷம் பெங்குவின் வந்து லிங்க் வியாபாரத்தில் கை வைத்தது. 2022 ஆகஸ்டில், தேடுபொறிக்காகவே எழுதின பக்கங்களைக் கீழே இறக்க ஒரு மாற்றம். அந்த வருஷ டிசம்பரில், பக்கங்களின் தரத்தைப் பார்க்கக் கூகுள் அமர்த்தியிருக்கும் ஆட்களுக்கான வழிகாட்டியில் 'அனுபவம்' என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். எழுதுகிறவர் அந்த இடத்துக்குப் போயிருக்கிறாரா, அந்தப் பொருளைக் கையாண்டிருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னார்கள். எனக்கு இந்த வரலாற்றில் முக்கியமாகத் தோன்றுவது இந்தக் கடைசி விஷயம்தான். பணம் இல்லை, பெரிய தளம் இல்லை, ஆள் பலம் இல்லை என்று எழுதியிருந்தாய். அனுபவம் உன்னிடம் இருக்கிறது.

அய்யலூர்ச் சந்தையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "இங்கு வாரந்தோறும் ஆட்டுச் சந்தை நடைபெறும்." அடப்பாவி! அப்பாவோடு விடியற்காலையில் எத்தனை வியாழக்கிழமை அங்கே போயிருப்பாய்? தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் பொங்கலுக்கும் முந்தைய வியாழக்கிழமைகளில் கோடிக்கணக்கில் வியாபாரம் என்று பேப்பரில் செய்தி வருமே, அந்தச் செய்திகளைப் படித்துவிட்டு முதல் முதலாக ஆடு வாங்க வருகிறவர் எத்தனை பேர்! வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்கப் போகிறேன் என்று கிளம்பும் ஐ.டி. பையன்கள் இருக்கிறார்கள். கிடாவெட்டுக்கு ஆடு தேடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. இவர்கள் போனில் என்ன கேட்பார்கள்? சந்தை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூடும், எத்தனை மணிக்குப் போனால் நல்ல உருப்படி கிடைக்கும், வெளியூர்க்காரனை ஏமாற்றிவிடுவார்களா, தரகு எவ்வளவு, திருச்சியில் இருந்து வந்தால் ரயிலா பஸ்ஸா, வாங்கின ஆட்டை எப்படி ஏற்றிப் போவது. இதில் ஒன்றுக்காவது உன் கட்டுரையில் பதில் இருக்கிறதா?

அப்பா குட்டியின் வாயைத் திறந்து பல் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது உனக்குத்தான், எனக்கு இல்லை. பல் போடாதது ஒரு வயசுக்குள். இரண்டு பல் என்றால் ஒன்றரை வயசுப் பக்கம். எட்டுப் பல்லும் நிரம்பிவிட்டால் நாலு வயசுப் பக்கம், அதற்கு மேல் தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். உனக்கு இன்னும் தெரியும். வயிறு முட்டத் தண்ணீர் காட்டி எடை கூட்டி நிறுத்துவதை எப்படிக் கண்டுபிடிப்பது, சினை ஆடு என்று சொன்னால் எங்கே தொட்டுப் பார்ப்பது, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது பக்கத்தில் நிற்பவன் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் உனக்குப் பழக்கம். "ஆட்டின் வயதைப் பல் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி" என்று அதை மட்டும் ஒரு கட்டுரையாக எழுது. உன் போனில் நீயே எடுத்த படத்தோடு எழுது. பல் போடாத வாய், இரண்டு பல் வாய், நாலு பல் வாய் என்று மூன்று நாலு படம் போதும். படத்துக்குக் கீழே அது என்ன என்று ஒரு வரி எழுது. அந்தப் படங்களை வேறு எங்கிருந்தும் எடுத்து ஒட்டாதே.

நோய் விஷயத்தில் மட்டும் கவனம். ஆட்டுக்கொல்லி நோய்க்கு என்ன செய்வது என்று யாராவது தேடி உன் பக்கத்துக்கு வந்தால், நீ எழுதுகிற ஒரு தப்பான வரியால் அவர் பட்டி காலியாகிவிடும். கால்நடை டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுது. உடம்பு, காசு, உயிர் சம்பந்தப்பட்ட விஷயங்களில் கூகுளும் கூடுதல் கண்டிப்போடுதான் பார்க்கிறது. அது பார்க்காவிட்டாலும் நாம் அப்படித்தான் எழுத வேண்டும்.

நீ எழுத வேண்டிய இன்னொரு விஷயம் தேவாங்கு. 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அரசு அறிவித்தது. கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்திலும் சேர்ந்து 11,806 ஹெக்டேர். தேவாங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் சரணாலயம். அந்த வாரம் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே செய்தி, ஏறக்குறைய ஒரே வாசகங்கள். அதற்குப் பிறகு சாதாரண ஆள் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுத ஆள் குறைவு. அது பகலில் வெளியே வருமா? வராது, இரவில் நடமாடும் பிராணி. பயிரைத் தின்னுமா? அதற்குப் பூச்சிதான் முக்கியமான தீனி, அந்த வகையில் விவசாயிக்கு அது நல்லதே செய்கிறது. வீட்டில் வளர்க்கலாமா? கூடவே கூடாது, வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் அது. இதையெல்லாம் எழுது. எந்த இடத்தில், எந்த மரத்தில், இரவு எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே. அப்படி எழுதினால் நிறையப் பேர் வந்து படிப்பார்கள், எனக்கும் தெரியும். மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் அதைப் பிடிக்கிறவர்களும் அதையேதான் தேடுவார்கள்.

திண்டுக்கல் பிரியாணி, பூட்டு இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடு. தலப்பாக்கட்டி 1957-இல் ஆரம்பித்த கடை. சீரகச் சம்பா, தலைப்பாகை என்று எல்லாரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நீ நுழைய முடியாது. பூட்டு கொஞ்சம் பரவாயில்லை, 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் "திண்டுக்கல் பூட்டு" என்று தட்டுகிறவர்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வரலாறு வேண்டும், வீடு கட்டுகிறவருக்குக் கடை விலாசமும் விலையும் வேண்டும். தேடுகிற சொல் ஒன்று, தேவை இரண்டு. ஒரே கட்டுரையில் இரண்டு பேரையும் திருப்திப்படுத்தப் போனால் இரண்டு பேரும் பாதியில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உள்ள சில தொல்லைகளைச் சொல்லிவிடுகிறேன். கோயில் தல வரலாற்றை டி.டி.பி. சென்டரில் அடித்த பைல் இருக்கிறது என்று சொன்னாய். அது வானவில்லோ பாமினியோவாக இருந்தால் அப்படியே ஏற்றாதே. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பையாக இருக்கும், கூகுளுக்கு ஒன்றும் புரியாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும். 1990-களிலும் அதற்குப் பிறகும் ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்த காலத்தில் எழுதப்பட்ட எவ்வளவோ நல்ல தமிழ் இப்படித்தான் தேடலில் கிடைக்காமல் போனது. தமிழக அரசே 2010-இல்தான் யூனிகோடுக்கு ஆணை போட்டது.

இரண்டாவது, நம்ம மொழியில் சொல் உருமாறிக்கொண்டே இருக்கும். வடமதுரையில், வடமதுரைக்கு, வடமதுரையிலிருந்து என்று வரும். தேடுகிறவர் வெறும் பேரைத்தான் தட்டுவார், அதுவும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். சொற்களின் உறவைப் புரிந்துகொள்ளும் பெர்ட் என்ற முறையைக் கூகுள் 2019 அக்டோபரில் ஆங்கிலத்துக்கும், டிசம்பரில் தமிழ் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கும் கொண்டுவந்த பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனாலும் தலைப்பிலும் முதல் பத்தியிலும் ஊர்ப் பேர் ஒரு தடவையாவது விகுதி இல்லாமல் முழுசாக நிற்கட்டும். பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக வை. தமிழில் வைத்தால் வாட்ஸப்பில் அனுப்பும்போது சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக நாலு வரிக்கு நீளும், யாரும் தொட மாட்டார்கள்.

மற்ற டெக்னிக்கல் விஷயம் எல்லாம் சின்னது. படங்களின் அளவைக் குறைத்துப் போடு, சந்தையில் நின்றுகொண்டு போனில் திறக்கிறவருக்குச் சீக்கிரம் திறக்க வேண்டும். கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம், அதில் உன் தளத்தைச் சேர்த்துவிடு. எந்தெந்தச் சொல்லைத் தட்டி உன் பக்கத்துக்கு வந்தார்கள் என்று அது காட்டும். அடுத்து என்ன எழுதுவது என்பதற்கு அதைவிட நல்ல யோசனையை எவனும் உனக்குச் சொல்ல முடியாது.

ஏ.ஐ. வைத்து ஒரு மாசத்தில் நூறு கட்டுரை போட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். போடலாம். எந்தக் கருவியில் எழுதினாய் என்பது கூகுளுக்குப் பெரிய விஷயமில்லை. வரிசையில் ஏறுவதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்தால், அதை மோசடி என்று 2024 மார்ச்சில் விதியாகவே போட்டுவிட்டார்கள். அதைவிட எனக்கு வேறு ஒரு வருத்தம் இருக்கிறது. நம்ம ஊரைப் பற்றி அந்தக் கருவிக்கு என்ன தெரியும்? யாரோ எப்போதோ எழுதியதுதான் தெரியும். அது ரொம்பக் குறைவு, அதிலும் பாதி தாடிக்கொம்பு. மிச்சத்தை அது தானாக இட்டுக்கட்டும். இட்டுக்கட்டியதை நீ போடுவாய், அதை இன்னொருவன் காப்பி அடிப்பான், பத்து வருஷம் கழித்து அதுவே நம்ம ஊர் வரலாறாகிவிடும். மதுரையைப் பற்றி நூறு தப்பு எழுதினாலும் திருத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வடமதுரைக்கு யார் இருக்கிறார்கள்?

கடைசியாகக் காசு. தமிழ்ப் பக்கங்களுக்குக் கூகுள் விளம்பரம் 2018-இல்தான் வந்தது. வந்தாலும் ஆங்கிலப் பக்கத்துக்குக் கிடைப்பதோடு ஒப்பிட முடியாது. போதாக்குறைக்கு, இப்போது கூகுளே தேடல் முடிவுகளுக்கு மேலேயே ஏ.ஐ. பதில் எழுதிக் காட்டிவிடுகிறது. 2024 ஆகஸ்டில் அது இந்தியாவுக்கு வந்தது. சந்தை எந்தக் கிழமை என்று கேட்டவர் வியாழன் என்ற பதிலை மேலேயே பார்த்துவிட்டுப் போய்விடுவார், உன் பக்கத்தைத் திறக்கவே மாட்டார். பல் பார்க்க வேண்டியவர் திறப்பார், ஏனென்றால் அவருக்குப் படம் வேண்டும். ஏமாறாமல் வாங்க நினைப்பவர் திறப்பார், ஏனென்றால் சந்தையில் நின்றவன் பேச்சு அவருக்கு வேண்டும். எதை எழுதுவது, எதை விடுவது என்பதை இனி இப்படித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்த வாரம் லீவு கிடைத்தால் புதன்கிழமை ராத்திரியே வந்துவிடு. மறுநாள் விடியற்காலையில் மாமா உன்னை வண்டியில் அய்யலூரில் இறக்கிவிடுவார். படம் எடுக்கும் முன்னால் ஆட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், வியாபார நேரத்தில் கோபப்படுவார்கள். எழுதி முடித்ததும் ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். ஒரு கட்டுரை ஆள் வந்து படிக்கிற நிலைக்கு வர மாசக்கணக்கில் ஆகும். அதுவரை திருப்பூர் வேலையை மட்டும் விட்டுவிடாதே.

அன்புடன்,
அக்கா